பெட்டிக்கு ஒரு நாள் லீவு

எனக்கு அறுபத்தொன்பது வயது ஆகிறது. ஐந்து பேரை வளர்த்தேன். மூன்று நான் பெற்றது, இரண்டு என் தங்கை விட்டுப்போனது. ஐந்தும் இன்றைக்குத் தன் காலில் நிற்கிறது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் நான் செய்த ஒரு தப்பைப் பற்றித்தான் எழுதப் போகிறேன். படிக்கிறவர்கள் இவளுக்கு ஒன்றும் தெரியாது போல என்று நினைத்துவிடக் கூடாது.

மூன்றாம் வகுப்போடு என் படிப்பு முடிந்தது. தமிழை எழுத்துக் கூட்டிப் படிப்பேன். எண்கள் நன்றாகத் தெரியும். என் எழுத்து பெரிது, நோட்டில் ஒரு பக்கத்துக்கு ஏழு வரிதான் கொள்ளும். நான் வேலை செய்கிற இடத்து டாக்டரம்மா என்னிடம் கேட்டது ஒரே ஒரு பக்கம். நான் எழுத உட்கார்ந்தால் இவ்வளவு வருகிறது.

மேற்குத் தாம்பரத்தில் மார்க்கெட்டுக்குப் பின்னால் ஒரு சந்தில் எங்கள் லேப் இருக்கிறது. கீழே ரத்தப் பரிசோதனை. மாடியில் சிறுநீரகம் கெட்டவர்களுக்கு ரத்தம் சுத்தம் செய்கிற டயாலிசிஸ். இரண்டுக்கும் ஒரே டாக்டரம்மாதான் முதலாளி. நான் அங்கே ஆயா. கடப்பேரியிலிருந்து விடியலில் நடந்து போய் முன் ஷட்டரைத் திறப்பது நான். அந்தச் சாவி எட்டு வருடமாக என் முந்தானையில் இருக்கிறது.

சாவியைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். என் பெரிய மகனுக்கு நான் வேலைக்குப் போவது பிடிக்கவில்லை. மாதம் ஒரு தடவையாவது ஆரம்பிப்பான்.

"இந்த வயசுல உனக்கு இன்னாம்மா வேலை? வூட்ல சும்மா குந்திகினு டிவி பாக்கக் கூடாதா?"

"நான் போவலன்னா லேபை யாருடா தொறக்கறது?"

இதோடு அவன் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விடுவான். அந்தச் சாவி என் கையில் இருக்கிற வரை என்னை யாரும் வீட்டில் உட்கார வைக்க முடியாது. போய்விட்டால், மறுநாளே டிவி முன்னால் உட்கார வேண்டியதுதான்.

நான் சேர்ந்த காலத்தில் லேபில் கம்ப்யூட்டர்கள் இருந்தன, ஆனால் ஒன்றுக்கொன்று பேச்சுவார்த்தை கிடையாது. கவுன்ட்டரில் இருக்கிற பெண் பெயரையும் வயதையும் அடித்து ஒரு சீட்டு எடுப்பாள். அந்தச் சீட்டை நான் உள்ளே கொண்டுபோவேன். உள்ளே ரத்தம் பார்க்கிற பெரிய மெஷின், அதற்கு ஒரு கம்ப்யூட்டர். டெக்னீஷியன் அதே பெயரை அதில் மறுபடி அடிக்க வேண்டும். முடிவு வந்ததும் இன்னொரு தாள். அதை டாக்டரம்மா ரூமுக்கு நான் கொண்டுபோவேன். அவர் பார்த்துக் கையெழுத்துப் போட்டால், கவுன்ட்டருக்கு ஒன்று, மாடி ஆளாக இருந்தால் மாடிக்கு ஒன்று. மாடிக்குப் பத்தொன்பது படி. ஒரு நாளைக்கு எத்தனை தடவை ஏறுவேன் என்று என் முழங்காலைத்தான் கேட்க வேண்டும்.

அப்புறம்தான் கம்ப்யூட்டர் தம்பி வந்தார். தம்பி என்று நான் கூப்பிடுகிறேனே தவிர, நாற்பது வயதுக்காரர், சேலையூரில் வீடு, மீசையில் நரை. இந்தக் கம்ப்யூட்டர்களையெல்லாம் ஒயர் போட்டு இணைத்து, ஒன்று சொல்வதை இன்னொன்றுக்குக் கேட்க வைக்கப் போகிறேன் என்றார். எந்தத் தாள் எங்கிருந்து எங்கே போகிறது என்று முதலில் கவுன்ட்டரில் கேட்டார். கவுன்ட்டர் பெண்ணுக்குக் கவுன்ட்டர்தான் தெரியும். டெக்னீஷியனுக்கு மெஷின்தான் தெரியும். டாக்டரம்மா, "எனக்குத் தாள் மேசைக்கு வரும், எப்படி வருதுன்னு ஆயாம்மாவைக் கேளுங்க" என்று சொல்லிவிட்டார்.

மூன்று நாள் அந்த மனிதர் என் பின்னாலேயே நடந்தார். நான் படியேறினால் அவரும் ஏறினார். நான் துடைப்பத்தை எடுத்தால் நின்றார். ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதிக்கொண்டார்.

"ஆயாம்மா, டாக்டர் ரூம்ல இல்லன்னா ரிப்போர்ட்ட இன்னா பண்ணுவீங்க?"

"கையில வச்சிகினு வெளிய நிப்பேன். வந்ததும் குடுப்பேன். மேசை மேல போட்டுட்டுப் போவ மாட்டேன்."

"ஏன்?"

"ஃபேன் காத்துல பறந்துச்சுன்னா யாரு ரத்தம் யாருதுன்னு தேடறது?"

அவர் அதையும் எழுதிக்கொண்டார். அந்த மூன்று நாளில் என்னிடம் யாரும் அதுவரை கேட்காததையெல்லாம் கேட்டார். இரண்டு பேர் ஒரே பெயரில் வந்தால் எப்படிப் பிரிப்பேன், அவசரத் தாள் வந்தால் கையில் இருக்கிற மற்றதை என்ன செய்வேன், தாளைக் கொடுத்துவிட்டு வாங்கினவர் பார்த்தாரா என்று நின்று பார்ப்பேனா. பார்ப்பேன் என்றேன். கொடுப்பது பாதி வேலைதான், வாங்கினார்களா என்று பார்ப்பதுதான் மீதி வேலை.

ஒரு வாரம் கழித்துப் பெட்டி வந்தது. பெரிதாக ஏதோ வரப்போகிறது என்று பார்த்தால், இட்லிக் குண்டானில் பாதி அளவுதான். கறுப்பு. முன்னால் பச்சை விளக்கு ஒன்று, ஒரு பொத்தான். மாடிப்படிக்குக் கீழே மர அலமாரி செய்து, அதில் வைத்தார்.

"இதுதான் சர்வர் ஆயாம்மா. கவுன்ட்டரு, மெஷினு, டாக்டர் ரூமு, மாடி, எல்லாம் இது கூடத்தான் பேசும். அதுஅது வேற வேற பாஷை. இது நடுவுல உட்கார்ந்துகினு வாங்கி வாங்கிக் குடுக்கும். எதிராளு இல்லன்னா கையிலயே வச்சிருந்து வந்ததும் குடுக்கும். பின்னாடியே ஓடிகினு இருக்கும், ஒருத்தருக்கும் தெரியாது."

"இத்தினி வருஷமா நான் செஞ்சதுதானே இது?"

"அதேதான். நீங்க சொன்னததான் உள்ள எழுதிக்கிறேன்."

அவர் விளையாட்டாகச் சொன்னாரோ நிஜமாகச் சொன்னாரோ, எனக்கு அன்றைக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. என் கால் செய்த வேலையை இது செய்கிறது, நான் சொல்லிக்கொடுத்த மாதிரியே செய்கிறது. அன்றையிலிருந்து அது எனக்கு ஆறாவது பிள்ளை என்று வைத்துக்கொள்ளுங்கள். தினமும் காலையில் காய்ந்த துணியால் துடைப்பேன். பின்பக்கம் சின்னக் காற்றாடி சுற்றும், அதில் தூசி சேராமல் பார்ப்பேன். கையை மேலே வைத்தால் வெதுவெதுப்பாக இருக்கும். காய்ச்சல் அடிக்கிறதா என்று பிள்ளை நெற்றியைத் தொட்டுப் பார்ப்போமே, அப்படி.

மழைக்காலத்தில் கரன்ட் போய் வெகுநேரம் வராவிட்டால் யுபிஎஸ்ஸின் பேட்டரியும் தீர்ந்து, எல்லாம் அணைந்துவிடும். அப்போது திரும்ப எழுப்ப ஒரு வரிசை இருக்கிறது. கம்ப்யூட்டர் தம்பி எனக்குச் சொல்லிக்கொடுத்தார். முதலில் யுபிஎஸ். அடுத்து சுவரில் ஒயர்கள் சொருகியிருக்கிற விளக்குப் பெட்டி. மூன்றாவதுதான் நம் பெட்டி. அதன் பச்சை விளக்கு கண் சிமிட்டிக்கொண்டே இருக்கும். ஒரு டம்ளர் டீ ஆறிக் குடிக்கிற நேரம் பொறுக்க வேண்டும். சிமிட்டுவது நின்று ஒரே நிலையாக எரிந்தால்தான் மெஷின் கம்ப்யூட்டர், டாக்டர் ரூம், மாடி. கடைசியில் கவுன்ட்டர். அவசரப்பட்டு முதலிலேயே கவுன்ட்டரைப் போட்டால், அது கூப்பிட்டுப் பார்த்துவிட்டு, யாரும் இல்லை என்று கோபித்துக்கொண்டு உட்கார்ந்துவிடும். அணைத்துத் திரும்பப் போட்டால்தான் வழிக்கு வரும்.

அணைக்கிறதற்கும் முறை உண்டு. ஒயரைப் பிடுங்கக் கூடாது. பொத்தானை ஒரே ஒரு தடவை மெதுவாக அழுத்திவிட்டு விலகிவிட வேண்டும். கையில் இருக்கிற வேலையை முடித்துவிட்டுத் தானே அணையும். யுபிஎஸ் கீ கீ என்று கத்தினால் மட்டும்தான் அதைச் செய்யலாம், மற்றபடி இதை ஒரு நாளும் அணைக்கக் கூடாது என்று கண்டித்துச் சொல்லியிருந்தார். எனக்கு நன்றாகத் தெரியும். தெரியாமல் செய்தேன் என்று நான் சொல்லிக்கொள்ள முடியாது.

போன வருடம் ஆயுத பூஜை. காலையில் மட்டும் லேப் நடந்தது. மாடியில் அவசரத்துக்கு என்று ஒரு நர்ஸும் டியூட்டி டாக்டரும் மட்டும் இருந்தார்கள், அவர்கள் போய்வரப் பின்கதவு இருக்கிறது. அலம்பித் துடைத்து, ரத்தம் பார்க்கிற மெஷினுக்குச் சந்தனம் குங்குமம் வைத்து, கம்ப்யூட்டருக்கெல்லாம் பொட்டு வைத்து, பொரி கடலை படைத்தோம். கவுன்ட்டர் பெண் கத்தரிக்கோலைக்கூட விடாமல் கொண்டுவந்து வைத்தாள். சந்து முனையில் பூசணிக்காய் உடைத்தாயிற்று. டாக்டரம்மா எல்லோருக்கும் சுண்டல் கொடுத்துவிட்டுக் கிளம்பினார். பூஜையில் வைத்ததை மறுநாள் காலை வரை தொடக் கூடாது, அது எங்கள் எல்லோருக்கும் வழக்கம். ஊசிகூட அன்றைக்கு ஓய்வெடுக்கும்.

டெக்னீஷியன் பெண் பையைத் தூக்கிக்கொண்டு செங்கல்பட்டு ரயிலுக்குக் கிளம்பினாள். அங்கே அவளுடைய அம்மா வீடு. இருபத்தைந்து வயது, கெட்டிக்காரி, ஊசி போட்டால் குழந்தைகள்கூட அழாது.

"பாப்பா, சாயங்காலம் வேலை எதுனா இருக்குதா?"

"ஒண்ணும் இல்ல ஆயாம்மா. நாளைக்குக் காலைலதான்."

கீழே எல்லோரும் போன பிறகு நான் ஷட்டரை இறக்கப் போனேன். மாடிப்படிக்குக் கீழே பார்த்தால், பொட்டு வைத்துக்கொண்டு, சாமந்திப் பூ சூட்டிக்கொண்டு, அது மட்டும் ஓடிக்கொண்டிருக்கிறது. காற்றாடி சுற்றுகிறது, விளக்கு எரிகிறது. மெஷினுக்கு ஓய்வு, கம்ப்யூட்டருக்கு ஓய்வு, கத்தரிக்கோலுக்கு ஓய்வு. எனக்கு ஞாயிற்றுக்கிழமை இருக்கிறது. இதற்கு எந்தக் கிழமையும் கிடையாது. வந்த நாளிலிருந்து ஒரு பொழுதாவது கண் மூடியிருக்குமா? யாருக்கும் தெரியாமல் பின்னாலேயே நின்று வேலை செய்கிறதின் அருமை எனக்குத் தெரியும். ஐந்து பிள்ளைகள் வீட்டில் நான் வேறு என்ன செய்தேன்?

பொத்தானை ஒரே ஒரு தடவை மெதுவாக அழுத்தினேன். கொஞ்ச நேரத்தில் காற்றாடி நின்றது. "தூங்குடா, விடியக்காலைல எழுப்பறேன்" என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போனேன். அன்றைக்கு எனக்கும் நல்ல தூக்கம்.

மறுநாள் காலையில் முதல் ஆளாகப் போய் அதைத்தான் எழுப்பினேன். விளக்கு சிமிட்டி நின்றது. வரிசைப்படி மற்றதையும் போட்டேன். டாக்டர் ரூமைப் போட்டு முடிக்கவில்லை, அங்கே இருக்கிற பிரின்டர் தானாக ஒரு தாளைத் துப்பியது. எடுத்துப் பார்த்தேன். இங்கிலீஷ் எனக்குத் தெரியாது, எண் தெரியும். நேற்றைய தேதி. மாலை நாலு இருபது.

நேற்று மாலை கீழே யார் இருந்தார்கள்? தாளை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டேன்.

நடந்தது இதுதான். மாடியில் வாரம் மூன்று நாள் வந்து படுக்கிறவர் ஒரு பெரியவர், பஸ் ஓட்டி ரிட்டையர் ஆனவர். மறுநாள் வர வேண்டியவர், மூச்சு வாங்குகிறது என்று அன்றைக்கே வந்துவிட்டார். ரத்தம் பார்த்துவிட்டுத்தான் டயாலிசிஸ் மெஷினில் மாட்ட முடியும் என்று மாடியில் இருந்த டியூட்டி டாக்டர் சொல்ல, நர்ஸ் டெக்னீஷியன் பெண்ணுக்குப் போன் போட்டிருக்கிறாள். அவள் கூடுவாஞ்சேரி தாண்டியிருந்தவள், பாவம், இறங்கி எதிர் ரயில் பிடித்துத் திரும்பி வந்திருக்கிறாள். லேப் ரூம் சாவி ஒன்று அவளிடம் உண்டு. மெஷினைப் போட்டு, ரத்தம் பார்த்து, முடிவை அனுப்பிவிட்டு மறுபடி ஸ்டேஷனுக்கு ஓடியிருக்கிறாள். அவள் அனுப்பியது பெட்டிக்குத்தான் போக வேண்டும். பெட்டி தூங்கிக்கொண்டிருந்தது. அனுப்பினது போய்ச் சேர்ந்தால் அவள் கம்ப்யூட்டரில் பச்சை வரும், சேராவிட்டால் மஞ்சளாகவே நிற்கும். ஒரு நாளும் மஞ்சள் நின்றதில்லை, அதனால் அவள் பார்க்கவில்லை. படிக்குக் கீழேயும் பார்க்கவில்லை.

மாடியில் திரையையே பார்த்துக்கொண்டு காத்திருந்திருக்கிறார்கள். கீழே இறங்கிப் பார்க்கலாம் என்றால் லேப் ரூமை அவள் பூட்டிவிட்டுப் போயிருக்கிறாள். போன் போட்டால், பண்டிகைக் கூட்டத்தில் ரயிலில் அவளுக்குக் கேட்கவில்லை. கடைசியில் டாக்டரம்மாவே குரோம்பேட்டையிலிருந்து காரில் வந்து, மெஷினின் திரையில் இருந்த எண்ணைப் பார்த்து, படியேறிப் போய்ச் சொன்னாராம். அதற்கு அப்புறம்தான் பெரியவரை மாட்டினார்கள். ஒன்றரை மணி நேரம் அந்த மனிதர் மூச்சு வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

இதெல்லாம் எனக்குத் தெரிந்தது, டாக்டரம்மா எட்டு மணிக்கு வந்து அந்தப் பெண்ணைப் பிடித்துக் கத்தியபோதுதான். நான் வெளியே மாப்புக் கட்டையோடு நின்றிருந்தேன்.

"ரிசல்ட் போச்சா இல்லையான்னு பார்க்காம ரயிலைப் பிடிக்க ஓடியிருக்க. உன்னை நம்பி லீவு நாள்ல எப்படி லேபை விடறது?"

"அனுப்பினேன் மேம். சத்தியமா அனுப்பினேன்."

"அனுப்பினா மாடிக்கு வந்திருக்கணும் இல்ல? இவ்வளவு நாள் வந்துதே, நேத்து மட்டும் என்ன? இந்த மாசத்தோட நீ வேற இடம் பார்த்துக்கோ."

அந்தப் பெண் ரத்தம் எடுக்கிற ரூமில் போய்ச் சுவரைப் பார்த்துக்கொண்டு அழுதாள். என் இடுப்பில் மடித்துச் செருகிய தாள் குத்திக்கொண்டிருந்தது. நான் அப்போதே உள்ளே போய்ச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. வாளியை எடுத்துக்கொண்டு மாடிப்படியைத் துடைக்கப் போனேன். அந்த நேரத்தில் ஒருநாளும் நான் படி துடைத்ததில்லை. ஒவ்வொரு படியாகத் துடைத்தேன். சொன்னால் சாவி போகும். சாவி போனால் டிவி. என் மகன் முகம் கண் முன்னால் வந்தது. சொல்லாவிட்டால் அந்தப் பெண்ணின் வேலை போகும். பத்தொன்பது படியும் துடைத்து முடித்துவிட்டு, மேலேயிருந்து மறுபடி ஆரம்பித்தேன்.

பத்து மணிக்குக் கம்ப்யூட்டர் தம்பி வந்தார். டாக்டரம்மாதான் ஒயரில் எதாவது கோளாறா என்று பார்க்க வரச்சொல்லியிருந்தார். படிக்குக் கீழே ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, தன் மடிக் கம்ப்யூட்டரைப் பெட்டியில் சொருகினார். வரிவரியாக என்னவோ ஓடியது. சட்டென்று நிறுத்தினார். என்னைப் பார்த்தார்.

"ஆயாம்மா. நேத்து ஒண்ணே காலுக்கு இத்த யாரோ பொத்தான அமுக்கி ஆஃப் பண்ணிக்கிறாங்க. காலைல ஆறு மணிக்குத்தான் எழுந்துக்குது."

நான் வாளியைக் கீழே வைத்தேன்.

"அதுல எழுதிக்குதா?"

"எல்லாம் எழுதும். எப்ப எழுந்துச்சு, எப்ப தூங்குச்சு, யாரு கூப்பிட்டாங்க, எல்லாம்." குரலைத் தாழ்த்தினார். "பொத்தான அமுக்கத் தெரிஞ்சது இந்த லேப்ல ரெண்டே பேரு. நான் நேத்து வரல."

அவர் சந்துப் பக்கம் ஒரு தடவை பார்த்துவிட்டு, "பெட்டிக்கு மட்டும் கரன்ட் போயிடுச்சுன்னு சொல்லிடறேன். லீவு நாளு, யாரு கண்டா? அந்தப் பொண்ணு வேலையும் தப்பிக்கும், உங்களுக்கும் ஒண்ணும் பேஜார் இல்ல" என்றார்.

நல்ல மனதோடுதான் சொன்னார். உண்மையைச் சொல்கிறேன், எனக்கு ஆசையாகத்தான் இருந்தது. அவள் பிழைப்பாள், நான் பிழைப்பேன், சாவி இருக்கும். தலையை ஆட்டினால் போதும்.

ஆனால் அந்த வரிகளைப் பார்த்தேன். என்னால் படிக்க முடியாத வரிகள். அதில் பெட்டி உள்ளதை உள்ளபடி எழுதி வைத்திருக்கிறது. என்னை அணைத்தார்கள், அணைந்தேன். எழுப்பினார்கள், எழுந்தேன், கையில் இருந்ததைக் கொடுத்தேன். அது எதிலும் குறை வைக்கவில்லை. நான் சொல்லிக்கொடுத்த வேலையை அது ஒழுங்காகச் செய்துவிட்டு, அதைக் கணக்காக எழுதியும் வைத்திருக்கிறது. அதன் எதிரிலேயே நின்று நான் கரன்ட் போயிற்று என்று சொல்லவா?

"கரன்ட் போவல தம்பி. நான்தான் அமுக்கினேன்" என்று சொல்லிவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு டாக்டரம்மா ரூமுக்குப் போனேன். அந்தப் பெண்ணையும் கூப்பிட்டுக்கொண்டேன். கம்ப்யூட்டர் தம்பி பின்னாலேயே வந்து வாசலில் நின்றார்.

இடுப்பிலிருந்த தாளை எடுத்து மேசையில் வைத்தேன்.

"இந்தப் பொண்ணு நேத்து அனுப்பிச்சு டாக்டரம்மா. பெட்டியத்தான் நான் ஆஃப் பண்ணிட்டுப் பூட்டேன். காலைல நான் எழுப்புனதுக்கு அப்பறந்தான் இது வந்துச்சு."

டாக்டரம்மா தாளைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"ஏன் ஆயாம்மா ஆஃப் பண்ணீங்க?"

"ஆயுத பூஜையாச்சே. எல்லாத்துக்கும் ரெஸ்ட் குடுத்தோம். அது ஒண்ணுதான் ஓடிகினு இருந்துச்சு. அதுக்கும் ஒரு நாள் லீவு குடுக்கலாம்னு..."

வாசலில் நின்றவர் சிரிப்பை அடக்க முடியாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டார். டாக்டரம்மா சிரிக்கவில்லை.

"மேல ஒருத்தர் மூச்சு விட முடியாம உட்கார்ந்திருந்தார், தெரியுமா?"

முந்தானை முடிச்சை அவிழ்த்துச் சாவியை அந்தத் தாளின் மேல் வைத்தேன். கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன். டாக்டரம்மா சாவியைத் தொடவும் இல்லை, எடுத்துக்கொள் என்று சொல்லவும் இல்லை. "போய் வேலையைப் பாருங்க. ரெண்டு பேரும்" என்றார்.

வெளியே வந்ததும் அந்தப் பெண் என் கையைப் பிடித்தாள்.

"ஏன் ஆயாம்மா சொன்னீங்க? உங்களயும் இல்ல அனுப்பிடுவாங்க."

"காலைலயே சொல்லலையேன்னு நீ என்னைத் திட்டணும். நீ இன்னா என் கையைப் புடிச்சிகினு?"

பிறகு மாடிக்குப் போனேன். அந்தப் பெரியவரை முதல் நாள் இரவு வீட்டுக்கு அனுப்பாமல் அங்கேயே வைத்திருந்தார்கள். தலையணையில் சாய்ந்துகொண்டு கஞ்சி குடித்துக்கொண்டிருந்தார். முகம் தெளிந்திருந்தது. என்னை அவர் எப்போதும் தலைவி என்றுதான் கூப்பிடுவார். எதிரில் நின்று எல்லாவற்றையும் சொல்லி, மன்னித்துக்கொள்ளுங்கள் என்றேன்.

அவர் டம்ளரைக் கீழே வைத்தார்.

"இன்னா தலைவி இது? முப்பது வருஷம் பஸ் ஓட்டிக்கிறேன். ஆயுத பூஜை அன்னிக்கு டெப்போல இன்னா பண்ணுவோம் தெரியுமா?"

"பூஜை போடுவீங்க."

"கண்ணாடிக்குப் பொட்டு, முன்னாடி வாழக்கன்னு, பெரிய மாலை. போட்டுட்டு? நிறுத்தி வச்சிடுவோமா? மாலையோட எடுத்துகினு ரோட்டுக்கு வந்துருவோம். தாம்பரத்துலேர்ந்து பாரீஸ் கார்னர் வரைக்கும் மாலை ஆடிகினே போவும். பஸ்ஸுக்கு மரியாதை அதான். ஓடறதுதான் அதுக்குப் பூஜை. இல்லன்னா ஜனங்க எப்படி ஊர் போய்ச் சேர்றது?"

எனக்குத் தலையில் தட்டின மாதிரி இருந்தது. வருடா வருடம் ஜிஎஸ்டி ரோட்டில் மாலை போட்ட பஸ்கள் போவதை நானும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். அதே பஸ்ஸில் ஏறி அனகாபுத்தூருக்கு மகள் வீட்டுக்குப் போயிருக்கிறேன். எனக்கு இது தோன்றவில்லையே.

"அடுத்த தபா மாலையோட ஓட்டு. இப்ப போய் வேலையப் பாரு, என் கஞ்சி ஆறுது" என்றார்.

மதியம் வரை சாவி மேசையிலேயே கிடந்தது. துடைக்கப் போகிற சாக்கில் இரண்டு தடவை போய்ப் பார்த்தேன். கூட்டம் குறைந்த பிறகு டாக்டரம்மா கூப்பிட்டார். கம்ப்யூட்டர் தம்பியும் உள்ளே இருந்தார்.

"அந்தப் பொண்ணு இருக்கட்டும். இனிமே பச்சை வந்துதான்னு பார்த்துட்டுத்தான் கிளம்பணும்னு சொல்லிட்டேன்" என்றார். பிறகு சாவியை என் பக்கம் தள்ளினார். "இதையும் எடுத்துக்கோங்க. மறைச்சிருந்தா எடுத்துக்கச் சொல்லியிருக்க மாட்டேன்."

நான் எடுக்கப் போனேன். "இருங்க" என்றார்.

"இந்தப் பெட்டியை எழுப்பற வரிசை, அணைக்கிற முறை, எல்லாம் உங்க ஒருத்தர் தலையிலதான் இருக்கு. அது தப்பு ஆயாம்மா. உங்களுக்கு ஒரு காய்ச்சல்னா லேபே நின்னுடும். ஒரு பேப்பர்ல எழுதி அலமாரில ஒட்டுங்க. யார் வேணா படிச்சுச் செய்யற மாதிரி."

"நானா எழுதறது? தம்பிய எழுதச் சொல்லுங்களேன்."

கம்ப்யூட்டர் தம்பி கையை விரித்தார். "நான் எழுதுனா இங்கிலீஷ்ல ரெண்டு வரி எழுதுவேன் ஆயாம்மா. ஒருத்தருக்கும் புரியாது. டீ ஆறுற நேரம்னு எனக்கு எழுத வராது."

சாவியை முடிந்துகொண்டு வந்தேன். ஆனால் அன்று வீட்டுக்கு நடக்கும்போது சந்தோஷமாக இல்லை. சாவி போயிருந்தால்கூட இப்படி இருந்திருக்காதோ என்று பட்டது. யார் வேண்டுமானாலும் படித்துச் செய்யலாம் என்றால், நான் எதற்கு? "நான் போவலன்னா யாருடா தொறக்கறது" என்று மகனிடம் இனிமேல் எப்படிச் சொல்வேன்? இதற்காகவே நாளை, மறுநாள் என்று தள்ளிப்போட்டேன். கண் சரியில்லை என்றேன், பேனா சரியில்லை என்றேன். டாக்டரம்மா அவசரப்படுத்தவில்லை. மாதத்துக்கு ஒருமுறை, "பேப்பர் எங்க ஆயாம்மா?" என்று மட்டும் கேட்பார்.

இந்த வருட ஆயுத பூஜை போன வாரம் போனது. பெட்டிக்குப் பெரிய சாமந்தி மாலையாக வாங்கினேன். காற்றாடியை மறைக்காமல் போட்டேன். எல்லாவற்றையும் அணைத்த பிறகு அது மட்டும் மாலையோடு ஓடியது. மாடியிலிருந்து அந்தப் பெரியவர், "இன்னா தலைவி, வண்டி ஓடுதா?" என்று குரல் கொடுத்தார். "ஓடுது ஓடுது, நீ படு" என்றேன்.

ஷட்டரை இறக்கிவிட்டு நிற்கும்போது ஒன்று தோன்றியது. என் காலில் இருந்த வழியை மூன்று நாளில் அந்தத் தம்பிக்குச் சொல்லிக் கொடுத்தேன். அதனால் நான் குறைந்து போகவில்லை. என் முழங்கால்தான் பிழைத்தது. அப்படியிருக்க, தலையில் இருப்பதைச் சொல்ல எனக்கு ஏன் இவ்வளவு கஷ்டம்? அன்றைக்கே மார்க்கெட்டில் இந்த நோட்டை வாங்கினேன்.

வரிசையை மேலே எழுதிவிட்டேன். அணைக்கிற முறையையும் எழுதிவிட்டேன். ஏன் அணைக்கக் கூடாது என்று எழுத ஆரம்பித்ததில்தான் இவ்வளவு பக்கம் ஆகிவிட்டது. வெறுமனே அணைக்காதே என்று ஒட்டினால் அதற்குப் பாவம் பார்க்க என்னைப் போல் இன்னொருத்தி வருவாள். அவளுக்குக் காரணம் தெரிய வேண்டும். அலமாரியில் இடம் இருக்கிறது, நோட்டாகவே ஆணியில் மாட்டிவிடலாம்.

ஒன்பதாவது படிக்கிற பேத்தி பக்கத்தில்தான் உட்கார்ந்திருக்கிறாள். என் கையிலிருந்து நோட்டை வாங்கிப் புரட்டிப் பார்க்கிறாள்.

"இன்னா ஆயா, ஒரு பக்கம்னு சொல்லிட்டு நோட்டையே ரொப்பிட்ட?"

"பேசாத. மொதல்லேர்ந்து சத்தமாப் படி. வரிசை மாறிக்குதான்னு நான் கேட்டுகினே வரேன்."

"எல்லாத்தையுமா? நீ ஆஃப் பண்ணியே, அந்த எடத்தையுமா?"

"அத்தத்தான் நிதானமாப் படிக்கணும். படி."